ஃபியோர்டலீசாவின் அதிர்ஷ்டக் கை

எங்கள் ஊர் அசுவாவில் டோமினோ ஆட்டத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் பாதிரியாரே சண்டைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபியோர்டலீசாவின் அழகு நிலைய வாசலில் மேசை போட்டுவிடுவார்கள். நால்வர், இரண்டு ஜோடி. ஒரே ஜோடியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது. கட்டையின் இரண்டு பாதியிலும் புள்ளிகள் இருக்கும்; மேசையில் நீளும் வரிசையின் ஏதாவதொரு முனையோடு எண் பொருந்தினால்தான் போடலாம். போட வழியில்லாதவர் மேசையைத் தட்டுவார். யார் எப்போது தட்டினார் என்று ஞாபகம் வைத்திருந்தால் யாரிடம் என்ன இல்லை என்று தெரியும். மிச்சமெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கில் ஃபியோர்டலீசாவை அடிக்க ஆளில்லை. வாரம் முழுக்க ஊர்ப் பெண்களின் சுருட்டை முடியை நேராக்குவாள், ஞாயிறானால் ஊர் ஆண்களை. ஆனால் அவளுக்கு ஜோடி புருஷன் எலீஹியோ. ஜெயிக்கும்போதெல்லாம் முதுகில் தட்டு வாங்கியது அவன்தான். "மூளையாடா அது? மெஷினு!" என்பார் பக்கத்து மளிகைக்கடை நிக்கானோர். அவளிடம், "உனக்கும் அதிர்ஷ்டக் கைதாம்மா" என்பார். எலீஹியோ கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் சாந்தியாகோ நகரத்தில் நடக்கும் டோமினோ போட்டிக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு ஜோடி போக வேண்டியிருந்தது. "நானும் எலீஹியோவும்" என்று அறிவித்தார் நிக்கானோர்.

"எங்களை ஜெயிச்சுட்டுப் போங்க" என்றாள் ஃபியோர்டலீசா.

"எங்களைன்னா? யாரும்மா உன் ஜோடி?"

வாசலில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த என்னை இழுத்து எதிரில் உட்கார வைத்தாள். சிரித்த சிரிப்பில் நிக்கானோருக்குப் பீர் மூக்கு வழியாக வந்தது. அவர் மேல் குற்றமில்லை. டோமினோவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டையை நிமிர்த்தி வைப்பதுதான்.

நான் தப்புத் தப்பாகப் போட்டேன். அவள் ஒவ்வொன்றையும் சரிக்கட்டிக்கொண்டே போய், இரண்டு முனையிலும் ஒரே எண்ணைக் கொண்டுவந்து ஆட்டத்தைப் பூட்டினாள். அந்த எண் உள்ள கட்டையெல்லாம் தீர்ந்துவிட்டதால் இனி யாராலும் போட முடியாது. கையில் புள்ளி குறைந்த ஜோடிக்கு வெற்றி.

"இருங்க, திருப்பாதீங்க. அண்ணே, உங்ககிட்ட இரட்டை ஆறு, அஞ்சு-மூணு. என் புருஷன்கிட்ட நாலு-ஆறு மட்டும்."

திருப்பினார்கள். அப்படியே இருந்தது. புள்ளியும் எங்களுக்குத்தான் குறைவு.

"கண்ணாடி!" என்று துள்ளினார் நிக்கானோர். "உள்ள இருக்குற கண்ணாடியில பாக்குறா!"

கண்ணாடிக்குத் துண்டு போர்த்தினார்கள். மறுபடி பூட்டினாள், மறுபடி சொன்னாள்.

"கிளி! என் கிளியே என்னைக் காட்டிக்குடுக்குது!"

கடைக் கிளியைக் கூண்டோடு தெருமுனைக்குக் கடத்தினார்கள். அது போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனது. தெருவே மேசையைச் சுற்றிக் குதித்தது. என்ன போடுகிறேன் என்று தெரியாமலே நானும் கூச்சல் போட்டேன். அவள் மறுபடி பூட்டினாள்.

நிக்கானோர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, மாதா உன் பக்கம் இருக்கா. அந்த அதிர்ஷ்டம் தெருவுக்கும் வேணும். எலீஹியோவோட நீயே போ."

கண்ணாடி, கிளி, மாதா! மனுஷருக்கு எல்லாம் தோன்றியது, அவள் மூளை ஒன்றைத் தவிர.

"அதிர்ஷ்டம்னா நான் வரல" என்றாள் ஃபியோர்டலீசா. "'இவளுக்குக் கணக்கு வரும்'னு சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினப்ப, எந்த அண்ணன் போட்டுக் குடுத்தான்னு கேட்டாங்க. எனக்கு அண்ணனே கெடையாது."

எலீஹியோ எழுந்தான், காதெல்லாம் சிவந்திருந்தது.

"எல்லாம் இவ கணக்குதாங்க. இவ போடுறதைப் பாத்து அதுக்குத் தோதா நான் போடுவேன். அவ்ளோதான் என் மூளை."

நிக்கானோர் தொண்டையைக் கனைத்தார். "கணக்கு வருதும்மா உனக்கு" என்றார், கசப்பு மருந்தை விழுங்கின முகத்தோடு. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

அவள் புருஷன் கன்னத்தில் சத்தமாக முத்தம் வைத்தாள். "நீங்க என் கடையைப் பாத்துக்கங்க ராசா. சாந்தியாகோவுக்கு இவ வர்றா" என்று என்னைக் காட்டினாள்.

"ஐயோ, இவளுக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா!" என்று அலறினார் நிக்கானோர். நானும் கூடவே அலறினேன்.

"அதுக்குத்தான்" என்றாள். "இவரோட ஜெயிச்சா அங்கேயும் இவர் முதுகைத்தான் தட்டுவாங்க. இவளோட ஜெயிச்சா யாரைத் தட்டுவாங்க?"