முட்டை அளக்கும் வளையல்

மட்டாஞ்சேரியில், 1958இல், சுலைஹா வளர்த்த ஆறு இளங்கோழிகளும் ஒருசேர முட்டையிடத் தொடங்கின. புதுக்கோழி முட்டை பொடிசாகத்தானே இருக்கும்? அவளிடம் முட்டை வாங்கும் சாயாக்கடை அமீருதீனோ சிறுமுட்டையைக் கண்டாலே முகம் சுளிப்பார். அவரிடம் பேச்சுக் கேட்க சுலைஹா ஆளில்லை. மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட வளையலைத் தேடி எடுத்தாள். அதற்குள் நுழைகிற முட்டை வீட்டுக்கு, நுழையாதது கடைக்கு.

இரண்டு மாதம் தினமும் முட்டைக்கறி. பிறகு கோழிகள் தேறின, முட்டைகளும் பெருத்து வளையலில் சிக்கி நின்றன. இனி வெறும் சோறுதான் என்று கணவன் மொய்து மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அன்றும் தட்டில் முட்டை! அடுக்களையை எட்டிப் பார்த்தான். சுலைஹா தன் கை வளையலைக் கழற்றி அளந்துகொண்டிருந்தாள். பெரிய முட்டையும் அதற்குள் சுலபமாக நுழைந்தது.

"இது உன் வளையல் அல்லே?"

"பின்னே? கோழி வளர்ந்தாச்சு. வளையல் மட்டும் வளரண்டாமோ?"