என் வாக்கியங்களில் தொண்ணூற்று நான்கு விழுக்காடு

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆயிற்று. டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் முந்தின நாள் குறிப்பை டயரியில் எழுதி முடித்தேன். 6.30க்குள் சாம்பாரும் கோவைக்காய்ப் பொரியலும் தயார். கணவருக்கும் எனக்கும் டப்பாவில் அடைத்தேன். பள்ளியில் அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தேன். 8.05க்கு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிலையத்திலும் ஜங்ஷனிலும் மாறி, 9.40க்குப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். ஆய்வாளர் பிரிவு பத்து மணிக்குத்தான் திறக்கும். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கோப்பை இன்னொரு முறை சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது.

எனக்கு நாற்பத்தாறு வயது. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். போன வருடம்தான் முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேர ஆய்வாளராகப் பதிந்தேன். ஜீயபுரம் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களின் ஒரு நாளைப் பற்றிய ஆய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீடுகளுக்கே போய்க் கேட்டு, ஆறு நோட்டுகளில் எழுதி, அதிலிருந்து அறுபத்திரண்டு பக்கம் ஆய்வுத் திட்டத்தை ஆங்கிலத்தில் தயாரித்திருந்தேன். அதைக் கமிட்டி முன் வைக்க வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. ஒரு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவு ரத்து என்று கடிதத்தில் தெளிவாகவே இருந்தது. திட்டத்தோடு நூலகத்தின் ஒப்புமைச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். எழுதியது வேறு எங்கிருந்தாவது எடுத்ததா என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும். ஒத்துப்போவது பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான்.

இந்த நூலகம் எனக்குப் பிடித்திருந்தது. சேர்ந்த வாரம் புதியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீட்டிலிருந்தபடியே ஆய்விதழ்களைத் திறப்பது எப்படி, இங்கே இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பது எப்படி, எல்லாம். அட்டைக்கு நான்கு புத்தகம் கொடுத்தார்கள். அந்த அட்டையில் படத்துக்குக் கீழே ‘ஆய்வாளர்’ என்று அச்சாகியிருந்தது. பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு வைத்தேன்.

சோதனைப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். பென்டிரைவை வாங்கி ஏற்றிவிட்டு, “டீ குடிச்சிட்டு வாங்க மேடம், அரை மணி ஆகும்” என்றார். நான் போகவில்லை. 10.50க்குத் திரையைப் பார்த்தவர், நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“மேடம், இத வேற எங்கயாவது குடுத்து செக் பண்ணீங்களா?”

“புத்தூர்ல ஒரு கடையில. போன மாசம். ஒன்பதுதான் வந்துச்சு.” கோப்பிலிருந்து அந்த அறிக்கையை எடுத்துக் காட்டினேன். இரண்டு வாய்ப்பையும் வீணாக்காமல் முதலில் வெளியில் பார்த்துக்கொள்ளச் சொன்னது கூடப் பதிந்த ஒரு தம்பி. எல்லா ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவர் திரையைத் திருப்பினார். பக்கம் முழுக்கச் சிவப்பு. கீழே 94 என்று இருந்தது.

“கடைக்காரங்க செக் பண்றப்ப உங்க ஃபைல அங்கயே சேமிச்சு வெச்சுட்டாங்க. இப்ப நாம போட்டா, அதுலேருந்து நீங்க எடுத்த மாதிரி காட்டுது.”

“ரெண்டும் நான் எழுதினதுதானே?”

“அங்க இருக்கறது உங்க பேர்ல இல்லையே மேடம்.” விரலால் தொட்டுக் காட்டினார். வேறு ஏதோ மாநிலத்துக் கல்லூரி. யாரோ ஓர் ஆணின் பெயர். என் அறுபத்திரண்டு பக்கமும் அவர் ஜூன் மாதமே எழுதியதாக இருந்தது.

ஆறு நோட்டுகளும் வீட்டில் இருக்கின்றன, கொண்டுவந்து காட்டவா என்று கேட்டேன்.

“கொண்டாந்தா நான் நம்புவேன் மேடம். இப்பவே நம்பறேன். ஆனா சிஸ்டம் நோட்டப் பாக்காது. கமிட்டி பாக்கும், அதுக்கு சர்டிபிகேட் இருந்தாத்தான் ஃபைல் கமிட்டிக்கே போகும்.” பிறகு, இரண்டு வழி சொன்னார். கடைக்காரர் சோதித்தது யாருடைய கணக்கிலோ, அவர் எழுதிக் கேட்டு அங்கிருந்து நீக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒருவருடையதே என்று என் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். “நாளைக்கு நாலு மணி வரைக்கும் நான் இருப்பேன். அதுக்குள்ள குடுத்தாத்தான் வியாழக்கிழமை சர்டிபிகேட் கிடைக்கும்.”

11.15க்குப் பள்ளிக்குப் போன் செய்து அரைநாளை முழுநாளாக்கினேன். 12.25க்குப் புத்தூர் கடை. ஜெராக்ஸ், பைண்டிங், எல்லாம் ஒரே அறையில். முதலாளி ஒரு ரெக்கார்டு நோட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஒன்பது வந்தப்ப நல்லா சிரிச்சுட்டுத்தானே போனீங்க மேடம்? இப்ப என்ன கடையவே தூக்கிட்டு வந்த மாதிரி வரீங்க?”

“சேமிச்சு வைக்கிறீங்கன்னு ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

கேட்டேன் என்றுதான் நினைத்தேன். பையில் டயரி இருந்தது. ஜூன் மாதத்துப் பக்கத்தைத் திறந்தேன். அன்று அவரிடம் ஏழு கேள்வி கேட்டிருக்கிறேன். ஏழும் பதிலோடு இருந்தன. எவ்வளவு நேரம் ஆகும். அறிக்கை கலரா, கறுப்பு வெள்ளையா. மேற்கோள்களை விட்டுவிட்டுக் கணக்கிடுமா. ஸ்பைரல் போடுவீர்களா. அந்தக் கேள்வி இல்லை. இரண்டு முறை படித்தேன்.

“கணக்கு யாரோடது?”

“யாரோ ஒருத்தர்கிட்ட போன்ல வாங்கினது மேடம். நமக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு வந்தா சரி.” எண்ணைக் கொடுத்தார். 12.40, 12.44, 12.52. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மூன்று முறையும் ஒரே குரல் சொன்னது. கிளம்பும்போது, “பைண்டிங் வேணும்னா வாங்க, இதுக்காக ஃப்ரீயா போட்டுத் தரேன்” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரி மதில் ஓரம் நின்று வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதே? நாளைக்கு அவன் வந்து என்னுதுன்னு சொன்னா, என் கையெழுத்து என்னாகும்?”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

“அப்ப என்ன சார் பண்றது?”

“வரிய மாத்தி மாத்திப் போட்டுக் குடுங்க. எல்லாரும் அதத்தானே பண்றாங்க. ரெண்டாவது சான்ஸ் இருக்குல்ல?”

3.30க்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம், தமிழில் சொன்னால்: இந்த வீட்டுப் பெண் 4.15க்கு எழுந்து, 5.30க்குத் தோட்டத்தில் இருக்கிறார். அதையே வேறு விதமாக எப்படிச் சொல்வது? ‘அதிகாலையில்’ என்று போட்டேன். கம்ப்யூட்டருக்கு அது புது வாக்கியம். எனக்கு அது, அந்த வீட்டைத் தெரியாதவர் எழுதியது. எட்டுக் கட்டு இலை ‘பல கட்டுகள்’ ஆயிற்று. முழங்கால் வரை சேறு ‘கடினமான சூழல்’ ஆயிற்று. மணியையும் எண்ணிக்கையையும் நான் கேட்டதற்கு அந்தப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். “டீச்சர், எங்க வீட்டுக்காரருகூட இவ்வளவு விசாரிச்சதில்ல” என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் யோசித்து யோசித்துச் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் ஏழு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தார். “உன் வீட்டுல நீயே திருடறதுக்கு இவ்ளோ நேரமா?” என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும் தோசை ஊற்றப் போனார்.

8.30க்கு எண்ணினேன். மாற்றியவை பதினொரு வாக்கியம். படித்துப் பார்த்தேன். பதினொன்றும் பொய்யில்லை, ஒன்றிலும் யாரும் இல்லை. மீதி அறுபத்தொன்றரைப் பக்கம். நாளை நான்கு மணி. நேரக் கணக்கு வராது என்று தெரிந்தது. வந்தாலும் அந்தத் தாள்களைக் கொண்டுபோய் என்னுடையவை என்று கொடுக்க முடியாது என்றும் தெரிந்தது. பதினொன்றையும் நீக்கினேன். பழையது அப்படியே இருந்தது, யாரோ ஓர் ஆணின் பெயரில் இருப்பதைப் போலவே, ஒரு புள்ளி மாறாமல்.

ஜூலை 10, புதன். 4.50க்கு எழுந்தேன். மோட்டார் போடுவதற்கு முன், அலமாரியிலிருந்து நூலகத்தின் நான்கு புத்தகங்களையும் எடுத்தேன். பக்க அடையாளத்துக்கு உள்ளே செருகியிருந்த என் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். இன்றே கொடுத்துவிட, திருப்ப வேண்டிய தேதி வாரியாக அடுக்கி, கூடவே ஆய்வாளர் அட்டையையும் பையில் வைத்தேன். முதல் புத்தகத்துக்கே இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.