ரேடியேட்டருக்குள் நின்ற தண்ணீர்

அப்பா செத்த எட்டாம் நாள், வீட்டை விற்கப்போறன் என்று சித்தப்பா என்னை வீட்டைவிட்டு எழுப்பினார். வில்லரேயில் இருக்கும் அந்த வீடு அவருடைய பெயரில் இருந்தது. பன்னிரண்டு வருசம் அதில் வாழ்ந்தது நானும் அப்பாவும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட வராதவர், செத்தவீட்டில் முன்னுக்கு நின்று, "அண்ணையைக் கடைசிவரைக்கும் நான்தான் பாத்தனான்" என்று வந்தவர்களுக்குச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அன்றைக்கே மனதில் வைத்தேன்.

சென்ட் லோரன்டில் ஒரு கூட்டாளியின் அறைக்குப் போனேன். சித்தப்பா வீட்டுக் கதவுத் திறப்பை மட்டும் என்னிடம் விட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றித் தண்ணீர் வைக்கவேண்டும். லொங்குய்யில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் வர அவருக்கு நேரமில்லை.

ஜனவரியில் போன் எடுத்தார். ஆள் இல்லாத வீட்டுக்கு என்னத்துக்குச் சூடு, பொயிலரை நிற்பாட்டு என்றார். தண்ணீர் உறையாதா என்று ஒருதரம் கேட்டேன்.

"மெயின் பைப்பை நான் பூட்டிப்போட்டன். தண்ணியே வராத வீட்டில என்னடா உறையிறது? ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன் எனக்குச் சொல்லித் தாறியோ?"

"சரி சித்தப்பா. நீங்கள் சொன்னமாதிரியே செய்யிறன்."

அவருடைய வீட்டில் கரண்ட் ஹீட்டர். அவருக்குத் தெரியாது. இங்கே பொயிலர் சுடவைக்கும் தண்ணீர்தான் அறை அறையாகச் சுற்றும். மெயினைப் பூட்டினாலும் அது ரேடியேட்டருக்குள்ளேயே நிற்கும். உறைந்தால் இரும்பு வெடிக்கும். வடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்கு வடிக்கத் தெரியும். வடிக்கவில்லை. பொயிலரை மட்டும் நிற்பாட்டினேன். வீட்டை விற்க ஆட்களைக் கூட்டிவரும்போது நிலமெல்லாம் கறுப்புத் தண்ணீர் நிற்கும், அவர் முகம் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். சந்தோசமாக இருந்தது.

முதல் நாள் விளக்கில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிபட்டது. இரண்டாம் நாள் ஜன்னலின் உட்பக்கம் பனி பிடித்தது. ரேடியேட்டரைத் தொட்டேன், கை விறைத்தது. இன்னும் கொஞ்சம், என்று அதற்குச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, முந்தின நாள் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஜன்னலடியில் படத்துக்கு முன் வைத்த செம்பை எடுத்தேன். தண்ணீரின் மேல் ஐஸ். விரலால் குத்தினேன், உடையவில்லை.

கடைசி நாட்களில் அப்பா தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கண்ணால் கேட்பார். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன், அவ்வளவுதான். இப்போதாவது குடிக்கட்டும் என்று வைத்த தண்ணீரை நானே கல்லாக்கிவிட்டேன்.

பேஸ்மென்டுக்கு ஓடிப்போய் பொயிலரைப் போட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு ரேடியேட்டராகக் கை வைத்துப் பார்த்தேன். சமைக்கிற குசினியில் இருந்தது மட்டும் மத்தியானமாகியும் சுடவில்லை. ரேடியேட்டருக்குள் அடைபட்ட காற்றைப் போக்கும் சின்னப் பித்தளைத் திறப்பால் அதன் ஆணியைத் திருகினேன்; தண்ணீரை வடிக்கவும் அந்தத் திறப்புத்தான் வேண்டும். ஸ்ஸ் என்று காற்றுப் போய், கறுப்புத் தண்ணீர் சட்டையில் அடித்தது. பிறகு சுட்டது. அதில் முதுகைச் சாய்த்து இருந்து அழுதேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

அப்பா இருந்தபோது சூட்டைப் பத்தொன்பதுக்கு மேலே ஏற்றினால் சித்தப்பா பில்லைக் கொண்டுவந்து கத்துவார். நான் இருபத்தைந்தில் வைத்தேன். முப்பத்தோராம் நாள்வரை இறக்கவில்லை.

அந்தியேட்டி அன்று சித்தப்பா உள்ளே வந்து கோட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"நல்லகாலம், நீ நிப்பாட்டேல்லை. ரேடியேட்டருக்குள்ள தண்ணி நிக்குமாம், நேற்றுத்தான் ஒராள் சொன்னவர். வீட்டைக் காப்பாத்திப்போட்டாய், தம்பி."

"உங்கட வீட்டுக்காக இல்லை. அப்பாக்கு வைச்ச தண்ணிக்காக. அது இண்டையோட முடிஞ்சுது. இனி நீங்களே பாருங்கோ."

பொயிலரை நிற்பாட்டி, வீட்டுத் திறப்பை அவர் கையில் வைத்தேன். எப்படி வடிக்கிறது என்று அவர் பின்னால் வந்து கேட்டார். செம்பையும் படத்தையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பித்தளைத் திறப்பு என் பொக்கெற்றுக்குள் கிடந்தது. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.