போயிடலாம் என்கிற ஊர்

ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் மைக்கை நீட்டிய அந்த டிவிக்காரப் பெண்ணை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் மன்னிக்கவில்லை.

துப்பாக்கியோடு பார்லிமெண்டில் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரையும் ஆட்களையும் பிடித்து அடைத்துவைத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் வந்த தேர்தல் அது. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் இந்தியர்களின் கடைகளை உடைத்த சத்தம் எங்களுக்கு இன்னும் காதில் இருந்தது. ரேடியோவுக்கு மட்டும் எல்லாம் மறந்துபோயிருந்தது. காலையில் தேங்காய் துருவும்போது ஒரு கட்சியின் பாட்டு, மத்தியானம் ஒரு நிபுணர், சாயங்காலம் அவரை மறுத்துப் பேச இன்னொரு நிபுணர். இந்தியர்களின் ஓட்டு எந்தப் பக்கம் என்று தினமும் கேட்டார்கள். அடப் பாவிகளா, எத்தனை பேரின் ஓட்டு விமானம் ஏறிப் போய்விட்டது, அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே என்று அரிசி களைந்துகொண்டே ரேடியோவைத் திட்டுவேன். "அதுக்குக் காது கெடையாதும்மா" என்பார் என் வீட்டுக்காரர்.

நாங்கள் மூன்று பேரும் விமானம் ஏறத்தான் காத்திருந்தோம். அவர், நான், எட்டு வயது மகள். சுவாவை ஒட்டிய நசினுவிலிருந்து நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அவர் தீவின் மறுகோடியில், சபேட்டோவில், கரும்புத் தோட்டத்தோடு தனியாக இருந்தார். நான் ஒரே பெண். அவரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, முதலில் நீங்கள் போய்ச் சேருங்கள், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர். அதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? தேர்தல் முடியட்டும், விசா வரட்டும் என்று நாளைக் கடத்தினேன். நான் பயந்தாங்கொள்ளி, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் இந்திதான். தமிழ் கோயிலுக்கு, அப்பாவுக்கு, அப்புறம் மகள் காதில் விழக்கூடாத விஷயத்துக்கு. அதனால் ஊரை விட்டுப் போகிற பேச்சு முழுவதும் தமிழிலேயே நடந்தது. ரேடியோவில் செய்தி முடிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "போயிடலாம்" என்பார். "ம், போயிடலாம்" என்பேன் நான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். ஒன்றும் புரியாது என்று எங்களுக்கு அவ்வளவு தெம்பு.

விண்ணப்பம் போட்ட கையோடு அவர் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழிக்கவும் ஆரம்பித்திருந்தார். முதலில் போனது டிவி. புதுசு வாங்கப் போகிறோம், இது உங்களுக்கு என்று பொய் சொல்லி அதை அப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கரும்பு வெட்டு முடிந்து வந்ததும் குளித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால், தேர்தல் செய்தி ஒன்றைக்கூட விடமாட்டார்.

ஓட்டுப் போடுகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை. நடுவில் புகுந்த ஒரு ஆளோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மைக் என் மகளின் வாய்க்கு நேரே இருந்தது. எலெக்‌ஷன் முடிந்ததும் நீ என்ன செய்வாய் என்று இந்தியில் கேட்டாள் டிவிக்காரி. பொண்ணு கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஹம் லோக் போயிடலாம் ஜாயேகா!"

நாங்கள் போயிடலாமுக்குப் போவோம் என்கிறாள். அது எங்கே இருக்கிறது என்று டிவிக்காரி கேட்க, ரொம்ப தூரம், பிளேனில் போகணும், அங்கே குளிரும் என்று இவள் சொல்ல, வரிசையே சிரித்தது. இத்தனை நாளும் அதை ஒரு ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது குழந்தை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் யாருக்கு என்ன புரிந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். உன் மகள் செய்தியில் வந்தாளே, அந்தப் போயிடலாம் எந்தத் தீவில் இருக்கிற ரிசார்ட் என்று இந்தியில் கேட்டார். நானும் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சபேட்டோவில் வைத்த டிவி ஞாபகம் வந்தது. நாடு முழுக்கப் பார்த்த செய்தியில், யாருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தேனோ அவருக்கு மட்டும் அந்த வார்த்தை புரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் அப்பா வந்துவிட்டார். நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கையும் தூக்கிக்கொண்டு. கால் கழுவினார். டீயைக் குடித்து முடித்தார்.

"பாப்பாவ டிவியில பார்த்தேன். கவுனு நல்லா இருந்திச்சி."

நான் சாக்கைப் பிரித்துக் கிழங்கை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"எப்போம்மா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலப்பா. எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஒங்ககிட்ட..." என்று உளறிக் கொட்டினேன். பாவி, அப்போதுகூட முழு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"பேப்பர்ல எத்தினி பேரு போட்டிருக்கீங்க?"

"மூணு பேருப்பா."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அப்போ போயிடறோம்னு சொல்லு. இங்க இருந்து என்னா ஆவப் போவுது, போங்க. நான் தடுக்க மாட்டேன். போயிடலாம்னு மட்டும் சொல்லாத கண்ணு. அதுல நானும் இருக்கேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய்விட்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மகள் பென்சிலை வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். ரேடியோவில் யாரோ முன்னிலை, யாரோ பின்னடைவு. எழுந்து போய் அணைக்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் விசா வந்தது. சபேட்டோவிலிருந்து விமான நிலையம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே போகக் கூப்பிட்டார்கள், அப்பாவிடம் என்ன சொல்லிக் கிளம்புவது? போறோம் என்று சொல்லக் கூடாது. போய்ட்டு வரோம் என்றால் அது பொய். மூன்றாவது வார்த்தையில் அவர் இருந்தார். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் தமிழைத் தவிர வேறு பேசாதவள், அன்று விடைபெற்றது இந்தியில்.

அப்பா தமிழில்தான் பதில் சொன்னார்.

"போய்ட்டு வாங்க."