நாலு அண்டா கூழும் இரண்டு பொருளாதார மேதைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு பொருளாதார நெருக்கடி வந்தது. எந்த டிவியிலும் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும்...

நாலு அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். குடிக்க ஆள் இல்லை. இதுதான் நெருக்கடி.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. பாதிப் பேருக்கு நெல் வயல். மீதிப் பேருக்குக் கம்பெனி ஷிப்ட். தெரு நாலு, அம்மன் ஒன்று. ஆடி மாசம் தெருவுக்கு ஒரு ஞாயிறு என்று முறை போட்டுக் கூழ் ஊற்றுவோம். செலவுக்குக் கோயில் வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். எங்கள் அப்பா காலத்தில் இருந்து இப்படித்தான். இதை யாரும் கொள்கை என்று சொன்னதில்லை.

இந்த வருஷம் சொல்ல இரண்டு பேர் கிளம்பினார்கள்.

ஒருவர் தணிகாசலம் சார். காலேஜில் பொருளாதாரம் நடத்தி ரிட்டயர் ஆனவர். எங்கள் தெரு. தீவிர கீன்ஸியவாதி. அதாவது, ஊரில் தொழில் படுத்துவிட்டால் சர்க்கார்தான் கையை அவிழ்த்துச் செலவு செய்ய வேண்டும், கடன் வாங்கியாவது செய்ய வேண்டும், அப்போதுதான் ஜனங்கள் கையில் காசு புரளும் என்கிற கட்சி.

இன்னொருவர் முனிரத்தினம். கீழத் தெரு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட்-நட் செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். சர்க்கார் எதிலும் கை வைக்காமல் ஒதுங்கி நின்றாலே போதும், போட்டி எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்பது இவர் கட்சி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். டீக்கடையில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முயன்று நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

ஆடி பிறக்கும் முன்னே கோயிலில் கூட்டம். பெரிய கம்பெனி ஒன்றில் ஒரு ஷிப்டை நிறுத்தியிருந்தார்கள். ஓவர்டைம் இல்லை. எல்லார் முகமும் வாடியிருந்தது. ஊர்த் தலைவர், “இந்த வருஷம் சிம்பிளா ஊத்திடலாமா?” என்று இழுத்தார்.

தணிகாசலம் சார் எழுந்துவிட்டார். “கூடவே கூடாது. மந்தமான வருஷத்துலதான் அதிகமா செலவு செய்யணும். வரியை ஏத்துங்க. அண்டாவைப் பெருசாக்குங்க. பந்தல்காரன், மைக்செட்காரன், கீரை விக்கிறவ... எல்லார் கைக்கும் பணம் போகும்.”

“சார், புக்குல கீறத வுடுங்க,” என்ற முனிரத்தினம் தலைவர் பக்கம் திரும்பினார். “இந்த முறையே தப்பு. எந்தத் தெரு எப்ப ஊத்தணும்னு நீ யாரு நைனா சொல்றதுக்கு? அவங்கவங்க இஷ்டத்துக்கு வுடு. போட்டி வந்துச்சின்னா கூழும் நல்லா வரும். சரியான நாளு தானா அமையும்.”

இரண்டு மணி நேரம் போனது. பக்கத்தில் ஒருவர் குறட்டையே விட்டார். கடைசியில் தலைவர், எல்லா ஊர்த் தலைவர்களும் செய்வதையே செய்தார். இருவர் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். வரி ஏறும். அண்டா பெருசாகும். முறை கிடையாது. எந்த ஞாயிறு என்பது அந்தந்தத் தெருவின் சுதந்திரம்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

போட்டி என்று வந்த பிறகு எவனாவது தன் தேதியை அடுத்த தெருக்காரனிடம் சொல்வானா? நாலு தெருவும் ரகசியமாகக் கூடி, ரகசியமாக யோசித்து, ஒரே முடிவுக்கு வந்தன. சம்பளம் விழுந்த பிறகு வருகிற ஞாயிறு. அன்றைக்குத்தான் ஆள் வீட்டில் இருப்பான், கருவாடு வாங்கக் கையில் காசும் இருக்கும். அறிவுள்ள எவனும் அந்த ஞாயிறைத்தான் எடுப்பான். துரதிர்ஷ்டம், நாலு தெருவிலும் அறிவுள்ளவர்கள் இருந்தார்கள்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கவலையும் இருந்தது. சில மாசங்களுக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்ததை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அப்போது ஐசியூ வாசலில் நின்று என் மனைவி வசந்தா வேண்டிக்கொண்டாளாம். “ஆத்தா, இவரு எழுந்து வந்துட்டா எங்க தெரு அண்டாவ நானே நெப்பி, கடைசிச் சொட்டு வரைக்கும் ஜனங்களுக்கு ஊத்தறேன்.”

கடைசிச் சொட்டு. அதைக் கவனியுங்கள். சாமிக்குப் படைத்த கூழ் மீந்தால் குத்தம் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். அண்டா காலியாகாவிட்டால் வேறு யார் காலி ஆவது என்பதில் வசந்தாவுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது. அதுவும் அன்று மத்தியானம் போய்விட்டது.

காலையில் வேப்பிலை கட்டிய அண்டாவைத் தூக்கி வைத்து, மோர் கரைத்து, சின்ன வெங்காயம் தூவி, தெருமுனையில் நின்றோம். மைக்கில் அழைத்தோம். கீழத் தெரு மைக்கும் அழைத்தது. மேலத் தெரு மைக்கும் அழைத்தது. ஊர் முழுக்கக் கூப்பிடுகிறவர்கள். வருகிறவர் எங்கே? அவரவர் தெருக் கூழே அவரவர் தொண்டை வரை நின்றது.

பத்து மணிக்கு ஏற்றுமதி ஆரம்பித்தோம். ஒரு தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு நான் கீழத் தெருவுக்குப் போனேன். வாங்கிக்கொண்டார்கள். அதே தூக்கில் அவர்கள் கூழை ஊற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அம்மன் பிரசாதம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் அண்டா முன்னைவிட நிறைந்திருந்த மாதிரி ஒரு பிரமை.

அப்போதுதான் சந்தையின் ஒரு கஷ்டம் எனக்குப் புரிந்தது. தக்காளி மீந்தால் விலை இறங்கும், நாலு பேர் கூடுதலாக வாங்குவார்கள். இலவசக் கூழின் விலையை எங்கே இறக்குவது?

ஆனால் மனிதன் சும்மா இருப்பானா? மேலத் தெருவில் கூழோடு மாங்காய்ப் பத்தை இலவசம் என்றார்கள். கீழத் தெருவில் நெத்திலிக் கருவாடு வறுக்க ஆரம்பித்தார்கள். உடனே மேலத் தெரு மைக், “கூழ் குடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கப் ஐஸ்கிரீம்” என்றது. கூழுக்கும் ஐஸ்கிரீமுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

முனிரத்தினம் வியர்க்க விறுவிறுக்க எங்கள் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “பேஜாரா பூட்ச்சி சார். இது அநியாயப் போட்டி. தலைவர் வந்து தெருவுக்கு இவ்ளோ நேரம்னு பிரிச்சி வுடணும். ஐஸ்கிரீம தட பண்ணணும்.”

“தலைவர் தலையிடணுமா?” என்றேன்.

“அவசரத்துக்கு ஒருவாட்டி. தப்பில்ல.”

சரி, நம் கட்சியாவது கொள்கையில் நிற்குமா என்று தணிகாசலம் சாரைப் பார்த்தேன். வரிப்பணத்தில் மிச்சம் அவரிடம்தான் இருந்தது. “சார், நாமும் கொஞ்சம் கருவாடு இறக்கலாமா? மந்தமா இருக்கு... செலவு செய்யணுமே.” அவர் சட்டைப்பையை மேலாகப் பொத்திக்கொண்டார். “இந்த மிச்சம் கருவாட்டுக்குப் பத்தாது. கையிருப்புக்குள்ளதான் செலவு பண்ணணும். கடன் வாங்கிக் கருவாடு போட்டா அடுத்த வருஷம் யாரு கட்டறது?”

ஆக, சந்தைக்காரர் சர்க்காரைக் கூப்பிடுகிறார். சர்க்கார்க்காரர் சிக்கனம் பேசுகிறார். இருவரும் அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று, இதற்கு யார் காரணம் என்று அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கொள்கை என்பது அடுத்தவன் அண்டா மீந்திருக்கும்போது பேசுவது போலிருக்கிறது.

மணி மூன்று. அண்டாவில் முக்கால்வாசி அப்படியே. “மாட்டுக்கு வெச்சிடலாமே,” என்றார் சார். வசந்தா பார்த்த பார்வையில் அவர் மறுபடி விவாதத்துக்கே திரும்பிவிட்டார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்டாவையே பார்த்தாள். பிறகு என் நெஞ்சைப் பார்த்தாள். அதுவரை எல்லாம் வேடிக்கையாக இருந்தது. அவள் கண் கலங்கியதும் வேடிக்கை போய்விட்டது. ஐசியூ வாசலில் தனியாக நின்றவள் அவள்தானே... நான் உள்ளே மயக்கத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“வாங்க,” என்று தூக்கை என் கையில் திணித்தாள். எங்கே என்று கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

எங்கள் தெருவுக்குப் பின்புறம் ஒரு லைன் வீடு இருக்கிறது. வரிசையாக ரூம்கள். கம்பெனிக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலத்து ஆட்கள் ரூமுக்கு ஐந்தாறு பேர் தங்கியிருக்கிறார்கள். ஒடிசாக்காரர்கள். நாங்கள் பொதுவாக “இந்திக்காரங்க” என்போம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அன்று ஷிப்ட் இல்லாமல் எல்லாரும் ரூமில்தான் இருந்தார்கள். வாசலில் ஒருவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“தம்பி, கூழு... குடிக்கிறீங்களா?” என்றாள் வசந்தா.

அவர் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது. உள்ளே திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினார். ரூம் ரூமாக ஆட்கள் வெளியே வந்தார்கள்.

“அம்மா, இது எங்க ஊர்லயும் இருக்கு. ராகி. அம்மா டெய்லி குடுக்கும்,” என்றார் தட்டுத்தடுமாறி. “இங்க வந்து ரெண்டு வருசம். கெடைக்கல.”

“ரெண்டு வருசமா?” வசந்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “போன ஆடிக்கும் இங்கதான ஊத்துனோம். வர்றதுதான?”

“யாரும் கூப்பிடல, அம்மா.”

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் மைக் நாள் முழுக்கக் கூப்பிட்டது உண்மைதான். தெருப் பேரைச் சொல்லி, வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. லைன் வீட்டுக்குத்தான் எங்கள் மைக்கில் பேரே கிடையாதே.

அப்புறம் என்ன? சொம்பு, தட்டு, குக்கர் மூடி, தண்ணி கேன்... கிடைத்ததை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக்கே வந்தார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு குடி குடித்தார்கள். ஒருவர் போனில் வேறு லைன் வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார்கள். எங்கள் அண்டாவில் கூழ் இறங்கிக்கொண்டே போக, கூட்டம் கீழத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் பிரிந்தது. ஐஸ்கிரீமுக்கும் நல்ல மரியாதை கிடைத்தது.

கடைசிச் சொட்டை வசந்தா கரண்டியால் வழித்து, அந்த முதல் ஆளின் சொம்பில் ஊற்றினாள். அண்டாவைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

அண்டா தட்டிய சத்தத்தில் மேதைகள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். “பாத்தீங்களா, செலவு பண்ணதாலதான டிமாண்ட் வந்தது,” என்று சார் ஆரம்பித்தார். “சும்மா வுட்டதால சந்தையே ஆளக் கண்டுபுடிச்சிக்கிச்சி,” என்றார் முனிரத்தினம். பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சொம்பை நீட்டினார்கள்.

வசந்தா கவிழ்ந்த அண்டாவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மத்தியானத்தில் இருந்து அந்த அண்டாவை உரசிக்கொண்டே நின்றவர்கள். அவளுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

“அடடா... உங்கள யாரும் கூப்புடலயா சார்?”