மோட்டார்காரர் வீட்டுச் சீட்டு

அந்த நகரத்தில் கிணறு இல்லாத வீடு குறைவு. கிணறு இருந்தால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் என்றைக்காவது மக்கர் பண்ணும். மக்கர் பண்ணினால் கூப்பிட ஒரே ஆள்தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அநேகமாக யாருமில்லை. ஊருக்கே அவர் மோட்டார்காரர். கட்டிக்கொடுத்த மகளும்கூட போன் பண்ணினால், "மோட்டார்காரர் இருக்காரா?" என்று சிரித்துக்கொண்டேதான் அம்மாவிடம் கேட்பாள்.

இருபத்தாறு வருஷமாக அதே வேலை. சுவரில் பதித்த இரும்புப் படிகளைப் பிடித்து ஐம்பது, அறுபது அடி இறங்குவார். குழாயின் அடியில் சேறு அடைத்துக்கொண்ட வால்வைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு ஏறி வருவார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஈரக்கல்லின் குளிர்ச்சி, தலைக்கு மேல் தட்டளவு வானம். கீழே இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்று கோடையாகக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரித்தது. ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தருகிறோம் என்றது நகராட்சி. பாதிக்கு மேல் வீடுகள் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். சொந்தக் கிணறா, நகராட்சிக் குழாயா என்று குறித்து, வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் இரண்டுபட்டது. "நம்ம வீட்டுலயே தண்ணி இருக்கறப்ப, அவங்ககிட்ட எதுக்குக் கையேந்தணும்?" என்றது ஒரு கட்சி. "உங்க தண்ணியில சோப்பு நுரைக்குதா, அத முதல்ல சொல்லுங்க" என்றது இன்னொன்று.

மோட்டார்காரர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்?

வார்டு அலுவலகச் சுவரில் பட்டியலை ஒட்டிய அன்று அவரும் போய் நின்றார். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வீட்டு எண்ணாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"என்ன மோட்டார்காரரே, உங்க வீட்டுலயே உங்க மோட்டார் ஓடலியா?"

கதவு எண் நாற்பத்தேழு. நகராட்சிக் குழாய். எதிரே மனைவியின் கையெழுத்து. வீடு அவள் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு வற்றிப்போயிருந்தது.

மனைவி முன்னறையில் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்குத் தையல்காரி அவள்தான்.

"சீட்டுல என்ன போட்ட?"

"குழாய்னு போட்டேன்."

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! ஒரு வார்த்தை கேட்டியா என்னை?"

அவள் காஜா எடுத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. "சாப்பாடு ஆறுது" என்று அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். "பசிக்கல" என்று அவர் கதவிடம் சொல்வார். பிறகு ஜன்னலும் கதவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்.

மூன்றாம் நாள் ஒரு கிணற்றிலிருந்து ஏறும்போது சட்டை தோளில் கிழிந்தது. வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல் அதைத் தையல் மிஷின் மேல் போட்டார்.

"ஆணி மாட்டிடுச்சு" என்று கதவிடம் சொன்னார்.

அவள் சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். தைக்கவில்லை. கிழிசலின் ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சையை விரலால் தடவினாள்.

"ஆணியில பாசி ஒட்டியிருக்குமா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா உங்க சட்டைய நான்தான் தைக்கறேன். எது ஆணி, எது கல்லு, எது கயிறு இழுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒண்ணு கிழிஞ்சு வந்துதே, மக எட்டாவது படிக்கறப்ப. அன்னிக்கும் ஆணிதான்னு சொன்னீங்க. நான் எதுவும் கேட்டுக்கல. அன்னையில இருந்து, நீங்க ஏறிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்கு ஊசியில நூல் கோக்க முடியாது. கை நிக்காது."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"படி உடைஞ்சுடுச்சு அன்னிக்கு" என்றார். "ஒரு கையில தொங்கினேன். கீழ மோட்டாரோட இரும்பு. கத்தினா வீட்டுக்காரர் பயந்துடுவாரேன்னு கத்தக்கூட இல்ல."

"பைத்தியம்" என்றாள் அவள். சட்டையை மடித்து மிஷின் மேல் வைத்துவிட்டு, "மாத்திக் குடுக்க நாளை வரைக்கும் டைம் இருக்கு. உங்களுக்கு வேணாம்னா போய் மாத்திடறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவரே வார்டு அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா பேனாவைத் திறந்தபடி, "நாற்பத்தேழுதானே? மாத்தணுமா?" என்றார்.

"இல்லீங்க. சரியா ஏறியிருக்கான்னு பாக்க வந்தேன்."

நூற்றுச் சொச்சம் வீடுகள் வித்தியாசத்தில் குழாய்க் கட்சி ஜெயித்தது. தெருவெல்லாம் தோண்டி மூடுவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தண்ணீர் வந்த பிறகு மோட்டார்காரரை யாரும் தேடவில்லை. சில மாதம் மனைவியின் மிஷின்தான் வீட்டை ஓட்டியது. அப்புறம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார்கள் பழுதாகத் தொடங்கின. எல்லாம் தரையில் நின்றபடி பார்க்கிற வேலை. "இதெல்லாம் ஒரு மோட்டாரா, மிக்ஸி மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார்.

கிணற்றை விடமாட்டேன் என்று சாதித்த சில வீடுகளில் பழைய பேக்கரிக்காரர் வீடும் ஒன்று. ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

"நீயும் வர்றியா?"

அவள் அதுவரை அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. பேக்கரிக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டார். அவள் உட்காரவில்லை; கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு படியையும் காலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்து இறங்கினார்.

"தெரியறேனா?" என்று பாதியில் நின்று கேட்டார்.

"வழுக்கை நல்லாத் தெரியுது!"

அடியிலிருந்து அவர் சிரித்த சிரிப்பு சுவரெல்லாம் மோதி மேலே வந்தது. "இங்க எவ்வளவு சில்லுனு இருக்கு தெரியுமா!" என்று கத்தினார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். வேலைய முடிச்சுட்டு ஏறி வாங்க" என்றாள் அவள், பார்வையை எடுக்காமல்.