ராஜகோபுர வாசலில் ஒரு ட்ரயல் ஷூட்

இன்று காலை ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்து வாசலில்...

கேமராவில் தேறுகிற படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மனைவி வசந்தி பரதநாட்டிய டீச்சர். காட்டூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் கிளாஸ். நான் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியன். லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவன். (கல்யாண ஆர்டர் எடுப்பதில்லை, கேட்காதீர்கள்!)

கொஞ்ச காலமாக வசந்தி ஆடுவதில்லை. முழங்கால் தேய்மானம். நாற்காலியில் உட்கார்ந்து தாளம் தட்டிப் பாடம் எடுப்பதோடு சரி.

மெதுவாக ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கீழே குந்தி உட்காரத்தான் கூடாது. அவளால் முடியவும் முடியாது.

சிக்கலே அங்கேதான்.

ஆடுவதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உன்னை மிதித்து ஆடப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று பூமியிடம் கேட்கிற நமஸ்காரம். ஆடி முடித்ததும் இன்னொரு முறை. அதைச் செய்யாமல் காலைத் தட்டிய பிள்ளையை வசந்தி மாடிப்படி வரை விரட்டியிருக்கிறாள்!

நின்றபடியே கும்பிட்டால் போதாதா என்று மற்ற டீச்சர்கள்கூடச் சொல்லிப் பார்த்தார்கள்.

"பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் ஆடாத வீட்டில் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால்தான் இந்தப் போட்டோ ப்ளான். விடிகிற நேரத்தில், அவ்வளவு உயரமான கல்வாசலுக்குக் கீழே, முழு அலங்காரத்தோடு சின்னதாக அவள் நிற்க வேண்டும். (திருச்சிக்குள்ளேயே, காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் போவதற்கு 'ட்ரிப்' என்று பெயர் வைத்தது நான்தான்.)

கேட்டதுமே சரி என்றாள். எனக்கே ஆச்சரியம்!

"போட்டோதானேங்க. நிக்கத்தானே போறேன், ஆடப் போறதில்லையே."

வரும் ஞாயிறு ஷூட். மேக்கப் போடுகிற அக்காவிடம் பேசியாயிற்று, பூ சொல்லியாயிற்று. வெளிச்சம் எப்படி இருக்கும் என்று பார்க்க இன்று ட்ரயல்.

போய்ச் சேர்ந்தபோது வாசலுக்குள் இன்னும் இருட்டு, அதற்கு அப்பால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வசந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, காட்டன் புடவையில் சுவரோரமாக நின்று கையைத் தூக்கினாள்.

வரிசையாக எடுத்துப் பார்த்தேன். கை அழகு. நிலை அழகு. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"ஆதார் கார்டு போட்டோ மாதிரி இருக்கு வசந்தி."

"ஆடாம முகத்துல எப்படிங்க வரும்?"

"அப்ப ஆடு."

"கும்பிடாம எப்படி ஆடுறது? தெரியாத மாதிரி பேசாதீங்க."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். கண் கலங்கியிருந்தது.

"வேணாங்க, கிளம்பலாம். ஞாயித்துக்கிழமையும் வேணாம். பூக்காரம்மாகிட்ட சொல்லிடுங்க."

கேமராவை பைக்கில் மாட்டினேன். வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை.

"உனக்குப் பதிலா நான் கும்பிட்டா ஆகாதா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மனசாரச் செய்வீங்களா? விளையாட்டுக்குன்னா வேணாம்."

"செய்யறேன்."

செருப்பைக் கழற்றினேன். கிளாஸில் பிள்ளைகள் செய்வதைப் பார்த்திருந்தபடி கையை நெஞ்சுக்கு நேரே வைத்து, நீட்டி, உட்கார்ந்தேன். (தொப்பை ஒத்துழைக்கவில்லை.)

"முதுகு வளையுது! முட்டியை விரிங்க. மறுபடியும்!"

அதே கிளாஸ் குரல்.

மறுபடியும் செய்தேன். இரண்டு கையாலும் தரையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மி. ஆனால் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, அவளைத் தாங்கிக்கொள் என்று மனதாரக் கேட்டேன்.

எழுந்து பார்த்தால் வசந்தி ஆடிக்கொண்டிருக்கிறாள்!

மெதுவாகத்தான். சலங்கை இல்லை, பாட்டு இல்லை. வாய்க்குள்ளேயே ஜதி சொல்லிக்கொண்டு, வலிக்கிற காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். முகம் மட்டும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. வாசல் வழியாகத் தெருவுக்குள் வந்த டூவீலர்காரர் ஒருவர் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்களைக் கடந்து போனார்.

கேமரா பைக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

முடித்ததும், மூச்சு வாங்கியபடியே என்னைப் பார்த்தாள்.

"என்னங்க நிக்கிறீங்க? முடிச்சதுக்கும் கும்பிடணும்ல?"

திரும்பவும் உட்கார்ந்தேன்!

வரும் வழியில், காவிரிப் பாலத்தில், பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை சலங்கை கட்டிக்கிறேங்க. சும்மா நிக்க மாட்டேன், ஆடுவேன்."

தலையை ஆட்டினேன்.

ஆகவே நண்பர்களே, ஷூட் உறுதி. திருச்சிப் பக்கம் நன்றாகப் படம் எடுக்கிறவர்கள் யாராவது ஞாயிறு விடிகாலையில் ராஜகோபுரத்துக்கு வர முடியுமா? கேமரா நான் தருகிறேன்.

எனக்கு அன்றைக்குத் தரையில் வேலை இருக்கிறது.